எந்த ஃபீட் ரீடர் உங்களுக்குச் சரிப்படும்? ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபீட் ரீடர் என்பது பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் செயலி. பத்துப் பன்னிரண்டு தளங்களை மட்டும் படிக்கிறவருக்கு அது தேவையில்லை. புக்மார்க் போதும். எண்ணிக்கை முப்பது, நாற்பதைத் தாண்டும்போதுதான் அதன் அருமை தெரியும். தினமும் எழுதிக் குவிப்பவர்களை நாம் அவ்வளவாகத் தவறவிடுவதில்லை. எங்காவது கண்ணில் பட்டுவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, நல்ல கட்டுரை ஒன்றைப் போட்டுவிட்டுக் காணாமல் போகிற பதிவர்தான் நழுவிவிடுகிறார். அவரைக் காட்டுவதில் சமூக ஊடகத்துக்கு லாபம் எதுவும் இல்லை. ரீடர் மறக்காமல் காட்டும்.

அது வேலை செய்யும் விதம் எளிது. தளத்தில் புதிதாக ஒன்று வெளியானதும் அதன் தலைப்பு, இணைப்பு, தேதி, உள்ளடக்கம் எல்லாம் கணினிகள் படிப்பதற்கான எக்ஸ்எம்எல் வடிவக் கோப்பு ஒன்றில் சேரும். அந்தக் கோப்புதான் ஃபீட். ரீடர் அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்து, புதியதை எடுத்துவந்து உங்கள் முன் வைக்கும். ஆர்எஸ்எஸ், ஆட்டம் என்று இரண்டு வடிவங்கள் உண்டு. முன்னது 1999இல் நெட்ஸ்கேப்பில் பிறந்தது, பின்னது 2005இல் தரநிலையானது. எந்தத் தளம் எந்த வடிவத்தைத் தருகிறது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ரீடர்கள் இரண்டையும் படிக்கும்.

தமிழ்ப் பதிவுலகத்துக்கு இது புதிய சங்கதி இல்லை. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, அதாவது பல பதிவுகளின் புது எழுத்துகளை ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டிய தளம், இந்த ஃபீட்களை வைத்துத்தான் ஓடியது. அது எல்லாருக்கும் பொதுவான முற்றம். யாரைச் சேர்ப்பது என்பதைத் திரட்டி நடத்துகிறவர்கள் முடிவு செய்தார்கள். ஃபீட் ரீடர் என்பது உங்கள் ஒருவருக்கான திரட்டி.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 2005இல் வந்த கூகுள் ரீடரை நம்பி உலகம் முழுக்கப் பதிவு படிப்பவர்கள் குடியேறினார்கள். 2013 மார்ச்சில் மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது, ஜூலை 1 அன்று மூடியேவிட்டார்கள். அந்த இடத்தைப் பிடிக்க வந்த டிக் ரீடர் 2018இல் போனது. ஏஓஎல் ரீடரும் அதே ஆண்டு. ஓல்ட் ரீடரோ 2013 ஜூலைக் கடைசியில் பொதுமக்களுக்கு மூடுகிறோம் என்று சொல்லி, புது உரிமையாளர்கள் கிடைத்ததால் பிழைத்தது. ஆகவே இந்த வழிகாட்டி ரீடரிலிருந்து தொடங்காது. உங்கள் பட்டியல்தான் சொத்து. ரீடர் வாடகை வீடு. பட்டியலைச் சரியாகச் செய்துகொண்டால் எந்த ரீடருக்கும் போகலாம், பிடிக்காவிட்டால் அதே நாளில் வெளியேறலாம்.

படி 1: பட்டியல் போடுங்கள்

ஒரு காகிதத்திலோ நோட் செயலியிலோ நீங்கள் விடாமல் படிக்க விரும்பும் தளங்களை எழுதுங்கள். "படிக்க வேண்டும்" என்று நினைப்பவற்றை விட்டுவிடுங்கள். உண்மையில் படிப்பவை மட்டும். பிரவுசர் வரலாற்றைப் புரட்டினால் நீங்கள் யார் என்று அது சொல்லிவிடும்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எவ்வளவு அடிக்கடி எழுதும் என்று குறித்துக்கொள்ளுங்கள்: நாளுக்குப் பல, வாரத்துக்குச் சில, எப்போதாவது. இந்த ஒரு குறிப்பு கடைசிப் படி வரைக்கும் உதவும். நாளுக்கு நூறு செய்தி போடும் நாளிதழை முழுதாகச் சேர்த்தால் மற்ற எல்லாமே அதனடியில் புதைந்துவிடும். ரீடரை ஒரே வாரத்தில் கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் அதனால்தான் கைவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

படி 2: ஃபீட் முகவரிகளைக் கண்டுபிடியுங்கள்

முன்பெல்லாம் தளங்களில் ஆரஞ்சு நிறச் சின்னம் ஒன்று இருக்கும், பிரவுசரும் ஃபீட் இருப்பதைக் காட்டும். ஃபயர்பாக்ஸ் தன்னுடைய ஃபீட் வசதியை 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்பில் எடுத்துவிட்டது. இப்போது பல தளங்களில் ஃபீட் இருக்கும், சின்னம் இருக்காது. அதனால் "இந்தத் தளத்தில் ஃபீட் இல்லை" என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

முதல் முயற்சியாகத் தளத்தின் முகப்பு முகவரியை அப்படியே ரீடரின் சேர்க்கும் பெட்டியில் ஒட்டுங்கள். பெரும்பாலான ரீடர்கள் தாங்களே தேடிக் கண்டுபிடிக்கும். கிடைக்கவில்லையா, கையால் முயலலாம். கீழே நான் சொல்லும் சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்று தட்டினால் போதும். இதே உத்தி ஒரு வகைப் பக்கத்துக்கும் வேலை செய்யும். ஒரு பெரிய தளத்தில் உங்களுக்கு நூல் விமர்சனம் மட்டும்தான் வேண்டும் என்றால் அந்த வகையின் பக்கத்துக்குப் போய், அந்த முகவரியின் முடிவில் ஃபீட் சேருங்கள். தேவையில்லாத மற்றதெல்லாம் வராது. செய்திமடல் தளமான சப்ஸ்டாக்கிலும் முகவரிக்குப் பின் ஃபீட்தான்.

பிளாக்ஸ்பாட் பதிவுகளுக்கு ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்ற மூன்று சொற்களைச் சாய்கோடுகளால் பிரித்து முகவரிக்குப் பின் சேருங்கள். நடுவில் உள்ள போஸ்ட்ஸை எடுத்துவிட்டுக் கமென்ட்ஸ் என்று போட்டால் பின்னூட்டங்களின் ஃபீட் வரும். பின்னூட்டத்தில்தான் உண்மையான விவாதம் நடந்தது என்கிற பழைய பதிவுகளுக்கு இது உதவும்.

யூடியூப் சேனல்களுக்கும் ஃபீட் உண்டு. பெரிய ரீடர்களில் சேனல் முகவரியை ஒட்டினாலே எடுத்துக்கொள்ளும். ரெடிட் பக்கங்களுக்கு முடிவில் புள்ளி வைத்து ஆர்எஸ்எஸ் என்று சேர்த்தால் ஃபீட். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தின் கணக்குகளுக்கும் அதேதான்.

செய்தித் தளங்களின் கதை வேறு. பிபிசி தமிழுக்கு ஃபீட் இருக்கிறது; தலைப்பும் ஓரிரு வரிச் சுருக்கமும் வரும். தி இந்து ஆங்கில நாளிதழ் பிரிவு வாரியாகத் தருகிறது. ஃபீட் தராத நாளிதழாக இருந்தால், அல்லது உங்களுக்கு ஒரு விஷயம் மட்டும் வேண்டுமானால், கூகுள் நியூஸ் வழியாகச் சுற்றி வரலாம். அங்கே தமிழில் ஒரு சொல்லைத் தேடுங்கள். முடிவுகள் வந்ததும் முகவரிப் பட்டையில் டொமைனுக்கு அடுத்து, சர்ச் என்ற சொல்லுக்கு முன்னால், ஆர்எஸ்எஸ் என்று எழுதி ஒரு சாய்கோடு போடுங்கள். அந்தத் தேடலே ஒரு ஃபீட் ஆகிவிடும். உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள், எந்தெந்தப் பத்திரிகையிலிருந்தெல்லாம் வந்து சேர்கிறது என்று.

பழைய பட்டியல் கைவசம் இருந்தால் இரண்டு இடங்களைச் சரிபாருங்கள். பிளாக்ஸ்பாட் முகவரி "டாட் இன்" என்று முடிந்தால் அதை "டாட் காம்" என்று மாற்றுங்கள். ஃபீட்களை இடையில் நின்று வழங்கும் ஃபீட்பர்னர் சேவை வழியாக வரும் முகவரி இருந்தால் அந்தத் தளத்தின் நேரடி ஃபீடை எடுத்துப் போடுங்கள். நடுவில் ஒரு தரகர் குறைந்தால் நல்லது.

படி 3: சோதனைக்காக ஒரு சின்னப் பட்டியல்

எல்லாவற்றையும் எல்லா ரீடரிலும் ஏற்றிப் பார்க்க வேண்டாம். குணத்தில் வெவ்வேறாக இருக்கும் பதினைந்து இருபது ஃபீட்களைப் பொறுக்குங்கள். அதில் இவை கட்டாயம் இருக்கட்டும்: முழுக் கட்டுரையும் ஃபீடில் வரும் ஒரு தமிழ்ப் பதிவு, சுருக்கம் மட்டும் தரும் ஒரு செய்தித் தளம், அபூர்வமாக எழுதும் ஒரு பிளாக்ஸ்பாட், ஒரு யூடியூப் சேனல், ஒரு கூகுள் நியூஸ் தேடல், செத்துப்போன ஒரு ஃபீட்.

செத்துப்போனதை வேண்டுமென்றே சேர்க்கிறோம். ஒரு ஃபீட் வேலை செய்யாதபோது ரீடர் அதை உங்களிடம் சொல்கிறதா, வாயை மூடிக்கொண்டு இருக்கிறதா என்பதைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இந்தப் பட்டியலை ஏதாவது ஒரு ரீடரில் கையால் சேர்த்துவிட்டு, அங்கிருந்து ஓபிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஓபிஎம்எல் என்பது ரீடர்கள் தங்களுக்குள் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம். அதை நோட்பேடில் திறந்து பார்க்கத் தயங்காதீர்கள். ஒரு ஃபீடுக்கு ஒரு வரி. அந்த வரியில் தளத்தின் பெயர், ஃபீடின் முகவரி, தளத்தின் முகவரி. அவ்வளவுதான். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது வரிகளின் அடுக்கிலேயே தெரியும். தவறான முகவரியை அங்கேயே திருத்தலாம்.

ஓபிஎம்எல்லில் பட்டியல் மட்டும்தான் போகும் என்பதையும் மனதில் வையுங்கள். எதைப் படித்தீர்கள், எதற்கு நட்சத்திரம் போட்டீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. நட்சத்திரம் போட்டுச் சேமித்து வைப்பது உங்கள் வழக்கம் என்றால், சேமித்தவற்றை வெளியே எடுக்க அந்த ரீடரில் வழி இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

படி 4: ஓட்டத்தில் இருப்பவர்கள் யார் யார்

விலையும் வரம்புகளும் மாறக்கூடியவை. நான் சொல்வதை ஒரு அளவுக்கு வைத்துக்கொண்டு, பதிவு செய்வதற்கு முன் அவரவர் விலைப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஃபீட்லி: கூகுள் ரீடர் மூடப்படுகிறது என்றதும் அதிகம் பேர் ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் இது, முதல் 48 மணி நேரத்திலேயே ஐந்து லட்சம் பேர் வந்ததாக அவர்களே அறிவித்தார்கள். இலவசக் கணக்கில் 100 ஃபீட், 3 ஃபோல்டர். தோற்றம் அழகு, புதியவருக்குக் குழப்பம் இல்லை. ஆனால் நீங்கள் தொடரும் ஃபீட்களுக்குள் தேடுவது, வேண்டாத சொற்களை வடிகட்டுவது போன்றவை கட்டணக் கணக்கில்தான். சமீப ஆண்டுகளில் அவர்களின் கவனம் நிறுவனங்களுக்கான சந்தை உளவு, செயற்கை நுண்ணறிவு என்று திரும்பிவிட்டது. தனிமனிதப் பதிவு வாசகர் அங்கே முக்கிய வாடிக்கையாளர் இல்லை என்பது கண்கூடு. தலைப்பைப் பார்த்து, தட்டிப் படித்து, போய்விடுகிறவருக்கு இது போதும்.

இனோரீடர்: பல்கேரியாவிலிருந்து வருவது, 2013இல் தொடங்கியது. இலவசமாக 150 ஃபீட், விளம்பரத்துடன். வசதிகள் என்று எடுத்துக்கொண்டால் இதை மிஞ்ச ஆள் குறைவு. விதி எழுதலாம்: தலைப்பில் இந்தச் சொல் வந்தால் இந்தக் குறிச்சொல் போடு, படித்ததாகக் குறித்துவிடு, மின்னஞ்சல் அனுப்பு என்கிற மாதிரி. ஃபீடே இல்லாத பக்கத்திலிருந்து ஃபீட் உருவாக்கவும் வழி உண்டு. இவற்றில் பயனுள்ளவை பெரும்பாலும் கட்டணக் கணக்கில்தான் முழுதாகத் திறக்கும். திரை கொஞ்சம் நெரிசல். அமைப்புகள் பக்கத்துக்குள் நுழைந்தால் வெளியே வர நேரமாகும். செய்தியைத் தொழிலாகப் பின்தொடர்கிறவர், அதாவது நிருபர், ஆய்வாளர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் ஆகியோருக்கு நான் சொல்வது இதைத்தான்.

நியூஸ்பிளர்: சாமுவேல் கிளே என்ற ஒருவர் நடத்துவது. நிரல் முழுவதும் திறந்த மூலம், யாரும் பார்க்கலாம். இலவசத்தில் 64 தளங்கள், கட்டணம் வருடத்துக்கு 36 டாலர் அளவில். இதன் தனித்தன்மை பயிற்சி: ஒரு பதிவரையோ, குறிச்சொல்லையோ, தலைப்பில் உள்ள ஒரு தொடரையோ பிடிக்கும், பிடிக்காது என்று குறித்தால் அதற்கேற்ப வண்ணம் காட்டி வரிசைப்படுத்தும். நீங்கள் சொன்னதை வைத்து மட்டுமே செய்யும்; உங்கள் முதுகுக்குப் பின்னால் எதையும் ஊகிக்காது. பதிவை அதன் சொந்தத் தளத்தின் தோற்றத்திலேயே காட்டும் வசதியும் உண்டு. ஒருவர் நடத்துவதில் உள்ள இடர் என்ன என்பதை 2021 ஜூனில் பார்த்தோம். சேவையகம் மாற்றும் வேலையின் நடுவே யாரோ புகுந்து தரவுத்தளத்தை அழித்தார்கள். பழைய சேவையகத்தில் தரவு அப்படியே இருந்ததால் சில மணி நேரத்தில் மீண்டது. நடந்ததை அவரே விலாவாரியாக எழுதி வெளியிட்டார். மூடி மறைக்காத அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

ஓல்ட் ரீடர்: பெயரிலேயே விஷயம் இருக்கிறது. பழைய கூகுள் ரீடரின் வாடை. இலவசமாக 100 ஃபீட். புது வசதி என்று அதிகம் கிடையாது. அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் ஒரு எட்டுப் பார்க்கலாம்.

ஃபீட்பின்: இலவசம் இல்லை, சோதனைக் காலம் மட்டும். மாதம் 5 டாலர். இதற்கு ஏன் பணம் கொடுக்கிறார்கள் என்றால், மூன்று காரணம். எழுத்து அச்சிட்ட மாதிரி நன்றாக அமைந்திருக்கும். செய்திமடல்களுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி தரும், அதற்கு வரும் மடல்கள் ஃபீட் மாதிரியே ரீடருக்குள் வந்து நிற்கும். மூன்றாவது, வெளியான பிறகு ஒரு கட்டுரை திருத்தப்பட்டால் எது நீங்கியது, எது சேர்ந்தது என்று காட்டும். செய்தித் தளங்கள் சத்தமில்லாமல் தலைப்பை மாற்றுவதை இதில் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃபிளக்ஸ்: இவை நீங்களே சொந்தச் சேவையகத்தில் நிறுவிக்கொள்பவை. முன்னது பிஎச்பியில் எழுதியது, பகிர்வு ஹோஸ்டிங்கில்கூட ஓடும், எஸ்க்யூலைட் போதும். பின்னது கோ மொழியில் எழுதியது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் கட்டாயம், அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எழுத்து. இரண்டுமே ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் அடங்கிவிடும். மினிஃபிளக்ஸ், பதிவுகளுக்குள் ஒளிந்திருக்கும் உளவுப் படப்புள்ளிகளை, அதாவது நீங்கள் படிப்பதை வேவு பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் படங்களை, நீக்கிவிட்டுக் கொடுக்கும். நிறுவத் தெரியாது, அது வேண்டும் என்றால் அதை உருவாக்கியவரே நடத்தும் சேவை வருடம் 15 டாலர் அளவில் கிடைக்கும். சேவையகம் பராமரித்துப் பழக்கமில்லாதவர் ஆர்வக்கோளாறில் இதில் இறங்க வேண்டாம். நீங்கள் வாசகராக இருக்க வந்தீர்கள், நள்ளிரவில் பிழைச்செய்தி படிக்க வரவில்லை.

மொபைல் செயலி பற்றி ஒரு வார்த்தை. ரீடரின் சொந்தச் செயலி பிடிக்கவில்லை என்றால் வேறொரு செயலியை அதனுடன் இணைக்கலாம். ஐபோனிலும் மேக்கிலும் நெட்நியூஸ்வயர் இலவசம். மேலே சொன்னவற்றில் மினிஃபிளக்ஸ் தவிர மற்றவற்றோடு நேரடியாக இணையும். ஆகவே செயலி அழகாக இல்லை என்பதற்காக மட்டும் ஒரு சேவையை ஒதுக்காதீர்கள்.

படி 5: ஒரே பட்டியலை ஏற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

மேலே உள்ளதைப் படித்து இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்தெடுத்து, சோதனை ஓபிஎம்எல்லை எல்லாவற்றிலும் இறக்குமதி செய்யுங்கள். ஒரு வாரமாவது ஓடட்டும். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

பழையது எவ்வளவு கிடைக்கிறது? ஃபீடில் எல்லாப் பதிவும் இருக்காது. வேர்ட்பிரஸ் இயல்பாகக் கடைசி 10 பதிவுகளை மட்டும் வைத்திருக்கும், பிளாக்ஸ்பாட் பதிவுகளை நடத்தும் பிளாக்கர் 25, யூடியூப் 15. நீங்களே நிறுவிய ரீடரில் ஒரு வேர்ட்பிரஸ் ஃபீடைப் புதிதாகச் சேர்த்தால் அந்தப் பத்துதான் கிடைக்கும். ஆனால் ஃபீட்லி, இனோரீடர் போன்ற பெரிய சேவைகளில் அதே ஃபீடை வேறு யாரோ பல வருடமாகத் தொடர்ந்திருந்தால், அவர்கள் சேமித்துவைத்த பழைய பதிவுகளும் உங்களுக்குக் கிடைக்கும். மூடிவிட்டுப் போன பதிவுகளின் எழுத்து இப்படி எங்காவது தங்கியிருப்பதுண்டு.

எவ்வளவு சீக்கிரம் வருகிறது? பிளாக்கர் போன்ற தளங்கள் வெப்சப் என்ற ஏற்பாட்டின் வழியாகப் புதுப் பதிவு வந்த உடனே ரீடருக்குத் தகவல் சொல்லிவிடும். மற்றவற்றை ரீடர் தானே போய்ப் பார்க்க வேண்டும். சந்தாதாரர் குறைவாக உள்ள ஃபீடை இலவசக் கணக்குக்காக அடிக்கடி போய்ப் பார்க்க மாட்டார்கள். நம் தமிழ்ப் பதிவுகள் பல இந்த ரகம். பதிவுக்கு அரை நாள் தாமதம் பரவாயில்லை. நாளுக்குப் பல பதிவு வரும் செய்தித் தளத்தில் ரீடர் தாமதமாகப் போனால், அதற்குள் ஃபீடிலிருந்து விழுந்துவிட்ட செய்தி வரவே வராது.

முழுக் கட்டுரையும் கிடைக்கிறதா? சுருக்கம் மட்டும் தரும் ஃபீடில் ஒரு கட்டுரையைத் திறந்து, முழு உரையை எடு என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஃபீட்பின், நியூஸ்பிளர், மினிஃபிளக்ஸ் போன்றவற்றில் அது உண்டு. சில தளங்களில் நன்றாக எடுக்கும். சிலவற்றில் "இதையும் படியுங்கள்" என்கிற பெட்டிகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். நீங்கள் தினமும் படிக்கும் தளத்தில் எப்படி எடுக்கிறது என்பதே கணக்கு.

தமிழ் எப்படித் தெரிகிறது? ஆங்கிலத் தலைப்புக்கு அளவெடுத்த ஒற்றை வரிப் பட்டியலில் தமிழ்த் தலைப்பு பாதியிலேயே வெட்டுப்படும். "முதலமைச்சர் தலைமையில் நடைபெற்ற ஆலோசனைக் கூட்டத்தில்" என்பதோடு நின்றால் என்ன செய்தி என்றே தெரியாது. இரண்டு வரித் தலைப்புக் காட்டும் பார்வை இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துரு மாற்றும் வசதியை நம்பி ஏமாற வேண்டாம். அங்கே உள்ள எழுத்துருக்களில் தமிழ் இருக்காது, ஆங்கில எழுத்து மட்டும் மாறும், தமிழ் உங்கள் கணினியின் எழுத்துருவிலேயே நிற்கும். யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் எழுதிய பதிவுகள் எந்த ரீடரிலும் குப்பையாகத்தான் தெரியும். அதற்கு மருந்தில்லை.

வடிகட்டி தமிழில் வேலை செய்கிறதா? இது நின்று பார்க்க வேண்டிய இடம். நாளிதழ் ஃபீடில் தேர்தல் செய்திகளை ஒதுக்க நினைக்கிறீர்கள். வடிகட்டியில் "தேர்தல்" என்று போட்டால் "தேர்தலில்", "தேர்தலுக்கு" எல்லாம் தப்பித்து வந்துவிடும். கணினிக்கு அந்தக் கடைசிப் புள்ளி தனி எழுத்து. "தேர்தலில்" என்பதில் ல-வுக்குப் பின் புள்ளி இல்லை, இகரக் குறி இருக்கிறது. அதனால் புள்ளியை விட்டுவிட்டு "தேர்தல" என்று போடுங்கள். மூன்றும் சிக்கும். இதே உத்தியை வெள்ளத்துக்குப் பயன்படுத்தி "வெள்ள" என்று போட்டீர்களானால் வெள்ளி விலையும் வெள்ளை அறிக்கையும் கூடவே சிக்கும். அங்கே "வெள்ளம்", "வெள்ளத்" என்று இரண்டாகப் போட வேண்டும். டிரம்ப், ட்ரம்ப் மாதிரி இரண்டு விதமாக எழுதும் பெயர்களுக்கும் இரண்டும் தேவை.

ஆனால் இதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் வடிகட்டியில்தான் நடக்கும். முழுச் சொல்லாகப் பொருத்திப் பார்க்கும் தேடலில் "தேர்தல" என்று கேட்டால் ஒன்றும் வராது. மினிஃபிளக்ஸில் ரெஜெக்ஸ், அதாவது எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் குறியீடு, எழுதலாம் என்பதால் அங்கே நம் கை ஓங்கும். கட்டணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு சோதனையை மட்டுமாவது சோதனைக் காலத்தில் செய்துவிடுங்கள்.

விசைக் குறுக்குவழிகள். அடுத்த பதிவுக்கு ஜே, முந்தையதற்குக் கே என்பது கிட்டத்தட்ட எல்லா ரீடரிலும் பழகிப்போன மரபு. தமிழ்99 விசைப்பலகையைத் தட்டிவிட்டு மறந்திருந்தால் அந்த இரண்டு விசைகளும் ப, ம ஆகிவிடும், ரீடர் அசையாமல் நிற்கும். ரீடர் பழுதாகிவிட்டது என்று நினைப்பதற்கு முன் மொழியைப் பாருங்கள்.

கடைசியாக அந்தச் செத்துப்போன ஃபீட். எச்சரிக்கைக் குறி வந்ததா? எந்த ரீடர் கடைசியாக எப்போது அதை எடுக்க முயன்றது, என்ன பிழை என்று சொல்கிறதோ அதற்கு என் கணக்கில் கூடுதல் மதிப்பெண்.

படி 6: முடிவெடுத்துக் குடியேறுங்கள்

இலவசத்தில் உங்கள் முழுப் பட்டியலும் அடங்குகிறது, வடிகட்டி தேவையில்லை என்றால் பணம் கட்ட வேண்டாம். கட்டுவதாக இருந்தால் மாதச் சந்தாவைவிட வருடச் சந்தா நமக்கு வசதி. தானாகப் பணம் எடுப்பதற்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் கூடுதல் அனுமதி விதிகள் இருப்பதால், இந்திய அட்டைகளில் வெளிநாட்டுச் சந்தாக்கள் மாதாமாதம் புதுப்பிக்கும்போது தடைபட வாய்ப்பு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை கையால் கட்டினால் அந்தத் தொல்லை குறையும்.

ஃபோல்டர்களை அரசியல், சினிமா, தொழில்நுட்பம் என்று பொருள் வாரியாகப் பிரிக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். நான் அப்படிப் பிரிப்பதில்லை. படி 1இல் குறித்தோமே, எவ்வளவு அடிக்கடி எழுதுகிறார்கள் என்று, அதை வைத்துப் பிரியுங்கள். எப்போதாவது எழுதுகிறவர்கள் ஒரு ஃபோல்டர்; இதை ஒன்றுவிடாமல் படியுங்கள். வாரத்துக்குச் சில எழுதுகிறவர்கள் இன்னொன்று. தலைப்புப் பார்த்துப் படியுங்கள். செய்தித் தளங்கள் மூன்றாவது. ஒரு பார்வை பார்த்துவிட்டு "எல்லாம் படித்ததாகக் குறி" என்பதைக் கூச்சமில்லாமல் அழுத்துங்கள். ஃபீட்லி இலவசக் கணக்கின் மூன்று ஃபோல்டர் வரம்புக்குள்ளும் இது அடங்கிவிடும்.

படிக்காதவை 1000 என்று காட்டும் எண் மனதை உறுத்தும். பல ரீடர்களில் அதை மறைக்க அமைப்பு உண்டு. மறைத்துவிடுங்கள். அது மின்னஞ்சல் பெட்டி இல்லை, யாரும் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பணம் கட்டிய செய்திமடல், பாட்காஸ்ட் ஆகியவற்றுக்கு உங்களுக்கென்றே தனி ஃபீட் முகவரி தருவார்கள். அந்த முகவரியே கடவுச்சொல் மாதிரி. ஓபிஎம்எல் கோப்பை நண்பருக்கு அனுப்பும்போது அந்த வரிகளை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

படி 7: அவ்வப்போது களையெடுங்கள்

சில மாதங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து, நீங்கள் தொடர்ந்து தாண்டிப்போகும் ஃபீட்களை எடுத்துவிடுங்கள். நீண்ட நாள் எழுதாதவரை எடுக்க வேண்டாம். எழுதாத ஃபீட் இடத்தை அடைப்பதில்லை, நேரத்தையும் தின்பதில்லை. அவர் என்றைக்காவது திரும்பி வருவார், வரும்போது தெரிய வேண்டும்.

ஒருநாள் திடீரென்று ஒரே தளத்திலிருந்து பழைய பதிவுகள் பத்தும் புதியவை போல வந்து விழும். பயப்படாதீர்கள். ஃபீடில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு அடையாளக் குறி உண்டு. பதிவர் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது அந்தக் குறிகள் மாறிவிட்டால் ரீடர் எல்லாவற்றையும் புதியதென்று நினைத்துக்கொள்ளும். படித்ததாகக் குறித்துவிட்டு நகருங்கள். அப்புறம், புது இடத்தில் ஃபீட் முகவரியும் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

களையெடுத்த கையோடு ஓபிஎம்எல்லை ஏற்றுமதி செய்து, கோப்பின் பெயரில் தேதி போட்டு, ரீடருக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வையுங்கள். சேமித்ததும் ஒருமுறை திறந்து, கடைசியாகச் சேர்த்த தளம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.